தேயிலைக்காக வந்த கோச்சி மக்களுக்காக நிற்பது எந்நாள்?

புகையிரத நிலையங்களை அபிவிருத்தி செய்யப் போகிறார்களாம்! இந்தச் சேதி நம் செவிகளுக்குப் புதிதன்று. ஆட்சிகள் வந்தன, போயின. அமைச்சர்கள் வந்தனர், சென்றனர். இந்த வாக்குறுதி மட்டும் மாறாமல், தேயாமல், மூப்பு எய்தாமல் மலையேறி வந்துகொண்டே இருக்கிறது. வந்த பின் நடப்பது என்ன? சுவருக்குச் சுண்ணம், பெயர்ப்பலகைக்குப் புது வண்ணம், மேடையோரத்தில் பூந்தொட்டி, திறப்பு விழாவில் கழுத்துக்கு மாலை. அந்த மாலை வாடும் முன்பே அபிவிருத்தியும் வாடிவிடுகிறது. இதுதான் முன்னேற்றமென்றால், நோயாளியின் முகத்திலே சந்தனம் பூசிவிட்டு நோய் தீர்ந்ததென்று சொல்லும் வைத்தியனையும் நாம் மெச்சத்தான் வேண்டும்!

ஒரு நிலையம் முன்னேறிவிட்டது என்பதை எதைக் கொண்டு அளப்பது? நாம் வைத்திருக்கும் அளவுகோல் மிக எளியது. காலையில் அந்நிலையத்தில் ஏறிய தொழிலாளியும், மாணவியும், ஆசிரியரும், மரக்கறிக் கூடையோடு வந்த விவசாயியும் தத்தம் அலுவலை முடித்துக்கொண்டு அன்று மாலையே அங்கு திரும்பி வந்து இறங்க முடிகிறதா? முடிந்தால் அது முன்னேறிய நிலையம். முடியாவிட்டால், தரையெல்லாம் சலவைக்கல் பதித்தாலும் அது பின்தங்கிய நிலையமே. மலையகத்தின் நிலையங்களை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள் என்றுதான் ஆட்சியாளரை அழைக்கிறோம்.

கினிகத்தேனையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல நமக்கு என்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். கினிகத்தேனைக்குத்தான் புகையிரத நிலையமே கிடையாதே! ஆம், கிடையாது. அதனாலேயே பேசுகிறோம். அவிசாவளையிலிருந்து கித்துல்கல வழியாக ஏறிவரும் நெடுஞ்சாலை கினிகத்தேனையைத் தொட்டு, வட்டவளை வழியே ஹட்டனுக்கு ஏறுகிறது. இங்கிருந்து இன்னொரு சாலை நாவலப்பிட்டிக்கு இறங்குகிறது. இருப்புப்பாதையோ நாவலப்பிட்டியிலிருந்து இங்குருஓயா, கலபொட என்று வேறு மலைச்சரிவால் சுற்றி வந்து வட்டவளைப் பக்கத்தில்தான் நமக்கு எட்டுகிறது. ஒரு பக்கம் வட்டவளை, மறுபக்கம் நாவலப்பிட்டி, மேலே ஹட்டன். கினிகத்தேனை மக்களுக்கும் சுற்றியுள்ள தோட்டத்து மக்களுக்கும் கோச்சி என்றால் இந்த மூன்று வாசல்களே. வாசல் எத்தனை அழகாயிருந்தாலென்ன, வேண்டிய நேரத்தில் திறக்கவில்லையென்றால் அது வாசலா, சுவரா?

இந்தப் பாதை யாருக்காக வந்தது என்பதை வரலாறு ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு 1864 டிசெம்பரில் முதல் வண்டி ஓடிற்று. 1867இல் கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. கண்டிச் சீமையின் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகத் துரைமார் கேட்டுப் பெற்ற பாதை இது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. தண்டவாளம் ஹட்டனைத் தொட்ட காலத்தில் கோப்பி மடிந்து தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்தது. பயிர் மாறியது; பாதையின் நோக்கம் மாறவில்லை. ஏறக்குறைய 1,900 அடி உயரத்திலுள்ள நாவலப்பிட்டியிலிருந்து 4,100 அடிக்கு மேலுள்ள ஹட்டனுக்கு, 44 அடிக்கு ஓர் அடி என்ற கடும் ஏற்றத்தில் வண்டியை ஏற்றினார்கள். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலையைக் குடைந்து 560 மீற்றர் நீளச் சுரங்கம் அமைத்தார்கள். மலையை வெட்டிய கைகளிலும், கல்லைச் சுமந்த தோள்களிலும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த நம் முன்னோரின் கைகளும் தோள்களும் இருந்தன. தேயிலைப் பெட்டிக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பெட்டியை நிரப்பியவளுக்கு இடம் ஒதுக்க எவரும் எண்ணவில்லை.

அவளுக்கும் ஒருநாள் இடம் கொடுத்தார்கள். எப்போது தெரியுமா? அவளை நாட்டை விட்டு அனுப்பும்போது! 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. அதன்பின் மலையகத்து நிலையங்களில் நின்ற வண்டிகளுக்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. தாய் வண்டிக்குள்ளே, மகள் மேடையிலே. அண்ணன் சாளரத்திலே, தங்கை வேலியோரத்திலே. தலைமன்னார் வரை தண்டவாளம், அதற்கப்பால் கப்பல். மக்களை வெளியே அனுப்புவதென்றால் வண்டி உண்டு, நேரம் உண்டு, ஆசனம் உண்டு. அந்த மக்களின் பேரப்பிள்ளையைப் பாடசாலைக்கு நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதென்றால் மட்டும் மலை குறுக்கே நிற்கிறதாம், ஒற்றைப் பாதை தடுக்கிறதாம், பணம் இல்லையாம்! என்னே இந்த நியாயம்!

செய்த நன்மையை மறைப்பவர்கள் அல்லர் நாம். 1950களில் புகையிரதப் பகுதியின் தலைமையை ஏற்ற பி. டி. ரம்பல என்ற பொறியியலாளர் அந்தப் பகுதிக்கே புத்துயிர் ஊட்டினார். நீராவி இயந்திரங்களுக்குப் பதிலாக டீசல் இயந்திரங்கள் வந்தன. கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 முதல் கனடா வழங்கிய இயந்திரங்கள் அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி நம் மலைகளில் ஏறின. உடரட்ட மெனிக்கே என்ற விரைவு வண்டி பதுளைக்கு ஓடிற்று. இவையெல்லாம் உண்மையான முன்னேற்றங்களே. ஆயினும், அவை மலையைக் கடந்து செல்வோரின் பயணத்தையே சுருக்கின. மலையில் வாழ்வோரின் நாளாந்தப் பயணம் அன்றும் பின்னிருக்கையில்தான் இருந்தது. நெடுந்தூர வண்டியின் நேரம் கொழும்பின் கடிகாரத்தையும் பதுளையின் கடிகாரத்தையும் பார்த்து அமைவது. இடைவழியில் கிடக்கும் வட்டவளையின் பாடசாலை மணியை அது எப்படி அறியும்?

கொழும்பைச் சூழ்ந்த நிலையங்கள் வளர்ந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். றாகமை, கம்பஹா, வெயாங்கொடை, மொறட்டுவை, பாணந்துறை ஆகிய ஊர்களிலிருந்து பல்லாயிரம் பேர் காலையில் நகரத்துக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகின்றனர். அதற்கென்று ஆண்டுக்காண்டு தண்டவாளங்கள் கூடின, சமிக்ஞைகள் மாறின, அலுவலக நேர வண்டிகள் பெருகின. கடல் கடந்து சென்னையைப் பாருங்கள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே 1931ஆம் ஆண்டிலேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. அப்போது தாம்பரம் நகருக்கு வெளியே கிடந்த சிற்றூர். ஊர் வளரட்டும், பிறகு வண்டி விடலாம் என்று காத்திருந்தார்களா? இல்லை. வண்டி ஓடியது, ஊர் வளர்ந்தது. மக்கள் நிரம்பிய பின் நிலையம் என்பது சோம்பேறியின் கணக்கு. நிலையம் இருப்பதால் மக்கள் தழைப்பார்கள் என்பது ஆளத் தெரிந்தவனின் கணக்கு.

கொழும்புக்குப் புறநகர் உண்டென்றால் ஹட்டனுக்கு இல்லையா? வட்டவளையும் ரொசல்லையும் கொட்டகலையும் தலவாக்கலையும் ஹட்டனின் புறநகர்கள் அல்லாமல் வேறென்ன? டிக்கோயா வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளி, கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் நாளைய ஆசிரியை, ஹட்டன் நீதிமன்றத்துக்குச் செல்லும் வழக்கறிஞர், வங்கியிலே பணிபுரியும் இளைஞர், தோட்டம் விட்டுத் தோட்டம் சென்று கற்பிக்கும் ஆசிரியர், கடைக்கு வேலைக்குப் போகும் பெண் ஆகிய இவர்களெல்லாம் நாளாந்தப் பயணிகள் அல்லரா? இவர்கள் பயணம் செய்வது ஐந்து மைல், பத்து மைல், இருபது மைல். தூரம் குறைவு என்பதற்காக இவர்களின் நேரமும் மலிவோ?

இன்று மலையக இருப்புப்பாதைக்குப் புதியதொரு எசமானர் வந்திருக்கிறார். அவர் பெயர் சுற்றுலா. தேயிலைச் சரிவுகளையும் நீர்வீழ்ச்சிகளையும் சாளரத்தால் கண்டுகளிக்க உலகெங்கணுமிருந்து மக்கள் வருகின்றனர். வரட்டும்! விருந்தினரை வரவேற்பது நம் பண்பு. அவர்களால் நாட்டுக்குக் கிடைக்கும் வருவாயை வேண்டாமென்று சொல்லும் பேதைகள் அல்லர் நாம். ஆனால் விருந்தினருக்குப் பந்தி விரித்துவிட்டு வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போடுவது எந்த ஊர் வழக்கம்? எல்லவுக்குச் செல்லும் வண்டிகளின் ஆசனங்கள் இணையத்தில் திறந்த சில நொடிகளில் விற்றுத் தீர்ந்து, கள்ளவிலைக்குக் கைமாறிய விவகாரம் 2025இல் பொலிஸ் விசாரணை வரை சென்றதே! சாளரத்துக்கு வெளியே கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படம் பிடிக்கிறார்கள். அந்தப் பெண் அதே வண்டியில் ஏறி ஆசனம் கேட்டால் படியிலே நிற்கச் சொல்கிறார்கள். அவள் காட்சிப் பொருளாம், பயணியல்லளாம்!

நம் கோரிக்கைக்கு மறுப்புரைகள் ஆயத்தமாக இருக்கும். அவற்றையும் பார்த்துவிடுவோம்.

பேருந்துதான் இருக்கிறதே என்பது முதல் மறுப்பு. இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் கினிகத்தேனைச் சாலையில் மண் சரிந்தால் அந்தப் பேருந்து எங்கே நிற்கும்? 2022இல் எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றபோது பேருந்துகளும் அந்த வரிசையில் நின்றனவே, மறந்துவிட்டோமா? ஒரு வழி அடைபட்டால் மறுவழி திறந்திருக்க வேண்டும் என்பதைக் குழி தோண்டும் எலியும் அறிந்திருக்கிறது. ஆள்வோர் அறியவில்லையா?

ஒற்றைத் தண்டவாளம் என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ரம்புக்கனைக்கு மேல் பாதை ஒற்றையாகவே ஏறுகிறது. இரட்டைப் பாதை போடு என்று நாம் கேட்கவில்லை. வண்டிகள் ஒன்றையொன்று விலகிச் செல்ல நிலையங்களில் துணைப் பாதைகள் உண்டு. ஒரு சிறு வண்டி காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை குறுந்தூரம் ஓடுவதற்கு வேண்டியது நல்ல சமிக்ஞையும், பழுதில்லாத துணைப் பாதையும், அதற்கு மேலாக நல்ல மனமுமே.

நட்டம் வரும் என்பது மூன்றாவது மறுப்பு. சாலைக்குத் தார் ஊற்றும்போது நட்டக் கணக்கு எழுதுவதுண்டோ? பாடசாலை நடத்துவதில் எவ்வளவு இலாபம் என்று கேட்பதுண்டோ? சுற்றுலா வண்டியின் சாளரத்தை விற்று வரும் பணத்தில் ஒரு பங்கை அதே தண்டவாளத்தின் ஓரத்தில் வாழும் மக்களுக்குச் செலவிட்டால் கசானா குடைசாய்ந்துவிடுமோ?

மலை நிலையற்றது, செலவழித்தாலும் சரிந்துவிடும் என்பது கடைசி மறுப்பு. இதற்கு விடையை வட்டவளையே சொல்கிறது. 1990களில் வட்டவளையில் நிலம் நகர்ந்து இருப்புப்பாதையை அலைக்கழித்தது. விழுந்த மண்ணை அள்ளி அப்புறப்படுத்துவது மருந்தாகாது, மண்ணுக்குள்ளே தேங்கும் நீரை வடித்தெடுப்பதே மருந்து என்று பொறியியலாளர் கண்டனர். நிலத்தினுள்ளே வடிகால் துளைகள் இட்டு மலையின் தாகத்தையல்ல, மலையின் நீர்க்கோவையைத் தீர்த்தனர். ஆக, அறிவு இருக்கிறது. ஆள் இருக்கிறான். ஆண்டுதோறும் வடிகாலைத் துப்புரவு செய்யும் ஒழுங்குதான் இல்லை.

அந்த ஒழுங்கின்மையின் விலையை 2025 நவம்பர் இறுதியில் நாடு கண்டது. டித்வா சூறாவளி மலைநாட்டைச் சூறையாடியபோது, உயிர்களும் வீடுகளும் மண்ணுள் புதைந்தன. மலையக இருப்புப்பாதையும் பல இடங்களில் அறுந்தது. இயற்கையின் சீற்றம் முழுவதையும் தடுக்க எந்த அரசாலும் இயலாது என்பதை ஒப்புகிறோம். ஆனால் அறுந்ததை மீண்டும் கட்டும்போது எப்படிக் கட்டுவது என்பது இயற்கையின் கையில் இல்லை. அது மனிதரின் கையில் இருக்கிறது. 1884இல் கட்டிய அதே நோக்கத்துக்காக, பொருளை இறக்கவும் துரையை ஏற்றவும் மட்டுமே கட்டப் போகிறோமா? அல்லது இங்கே வாழும் மனிதருக்காகக் கட்டப் போகிறோமா? இந்தக் கேள்விக்கு இப்போது விடை பெறாவிட்டால் இன்னொரு நூறாண்டு காத்திருக்க நேரிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கினிகத்தேனைக்கு அண்மையில்தான் லக்சபானவும் நோர்ட்டன் பிரிட்ஜும் இருக்கின்றன. இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர எடுத்துக் காட்டினார். 1950இல் லக்சபான ஒளிவிட்டது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கம் வந்தது. 1969இல் மவுசாகலை வந்தது. அதற்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருள் மூழ்கியது. இங்கிருந்து மின்சாரம் கொழும்புக்கு இறங்குகிறது. இங்கிருந்து தேயிலை இறங்குகிறது. இங்கிருந்து மரக்கறி இறங்குகிறது. இங்கிருந்து இளைஞரின் உழைப்பும் இறங்குகிறது. எல்லாம் இறங்குவதற்கு வழி கண்டவர்கள், ஏதேனும் ஒரு நன்மை ஏறி வருவதற்கு வழி காண மாட்டார்களா?

நாம் கேட்பவை வானத்து நிலவல்ல. ஐந்தே ஐந்து.

முதலாவது, ஹட்டனை நடுவாகக் கொண்டு நாவலப்பிட்டிக்கும் நானுஓயாவுக்கும் இடையே, பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் இசைந்த நேரத்தில் காலையிலும் மாலையிலும் சிறு வண்டி ஓடவேண்டும். அது சிறிய நிலையங்களிலும் நின்று செல்லவேண்டும்.

இரண்டாவது, அந்த வண்டியைச் சந்திக்க கினிகத்தேனையிலிருந்து வட்டவளைக்குப் பேருந்து வரவேண்டும். வண்டி போன பின் பேருந்து வருவதும், பேருந்து போன பின் வண்டி வருவதும் இனியும் கூடாது. நம்மைப் போலவே மலைநாடாகிய சுவிற்சர்லாந்தில் 1982 முதல் நாடு முழுவதற்கும் ஒரே ஒழுங்கான நேர அட்டவணை அமைத்து, மலைக்கிராமத்துப் பேருந்தும் புகையிரதமும் ஒன்றையொன்று காத்து நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அவர்களுடைய மலை நம்முடைய மலையை விடத் தாழ்ந்ததல்ல!

மூன்றாவது, நாட்டிலேயே மிகுந்த மழை பொழியும் இடங்களுள் ஒன்றான இப்பகுதியில் மேடைக்குக் கூரை வேண்டும். பெண்கள் அச்சமின்றிச் செல்லக்கூடிய மலசலகூடம் வேண்டும். குடிநீரும் விளக்கும் வேண்டும். வலுவிழந்தோர் உரிமைக்கு 1996இல் சட்டமும், பொதுக் கட்டடங்களில் அவர்கள் தடையின்றி நடமாட 2006இல் ஒழுங்குவிதிகளும் பிறந்தன. பிறந்தவை காகிதத்திலேயே வளர்ந்து காகிதத்திலேயே மூப்படைய வேண்டாம்.

நான்காவது, பலகையிலும் அறிவிப்பிலும் பயணச்சீட்டுச் சாளரத்திலும் பிழையற்ற தமிழ் வேண்டும். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் பதினாறாம் திருத்தம் அதை விரித்துரைத்தது. தண்டவாளம் மாறியது என்று தெரியாத மொழியில் அறிவித்தால், தவறிய வண்டிக்கு அந்த மூதாட்டியா பொறுப்பு?

ஐந்தாவது, விவசாயியின் கரட்டும் லீக்ஸும் கோவாவும் பேலியகொடை மனிங் சந்தைக்குச் செல்ல, நானுஓயாவிலும் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் பொதி ஏற்றும் வசதியும் பெட்டியும் வேண்டும். லொறிக் கூலியும், வழியில் நசுங்கிச் சேதமாகும் பங்கும் விவசாயியின் இலாபத்தை விழுங்குகின்றன. தேயிலைப் பெட்டிக்கு வளைந்து கொடுத்த தண்டவாளம் மரக்கறிப் பெட்டிக்கு வளையாதா?

இறுதியாக நம்மவர்க்கும் ஒரு சொல். குற்றம் முழுவதையும் கொழும்பின் வாசலில் கொட்டிவிட்டுக் கைகழுவ நாம் விரும்பவில்லை. நம் தலைவர்கள் சம்பளத்தைக் கேட்டார்கள், வீட்டைக் கேட்டார்கள், காணியைக் கேட்டார்கள். கேட்டது முறையே. ஆனால் பாராளுமன்றத்திலே வரவுசெலவுத் திட்டத்தில் போக்குவரத்து அமைச்சின் மீது விவாதம் நடக்கும்போது, மலையகத்தின் காலை வண்டிக்காக எத்தனை குரல் எழுந்தது? திறப்பு விழாவிலே மாலை ஏற்கக் குனிந்த கழுத்துகள், நேர அட்டவணையைப் படிக்கவும் சற்றுக் குனிந்திருக்கலாகாதா?

கற்றோரே, ஆசிரியர்களே, வழக்கறிஞர்களே, மருத்துவர்களே! உங்கள் நிலையத்தில் எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினர், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றனர் என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். விவசாயப் பெருமக்களே! லொறிக்குக் கொடுத்த கூலியையும் சேதமாய்ப் போன மூட்டையையும் குறித்து வையுங்கள். கண்ணீரை அவர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். அழுகைக் கோச்சியின் கண்ணீரையே கண்டும் கலங்காதவர்கள் அவர்கள். கணக்கைக் காட்டுவோம். கணக்குக்கு மறுமொழி சொல்லாமல் தப்புவது கடினம்.

1823 முதல் இருநூறாண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 2023இல் நம் மக்கள் நடந்தார்கள். நடப்பதற்கு நாம் அஞ்சியதில்லை. ஆனால் நம் முன்னோரின் வியர்வையிலே போட்ட தண்டவாளத்தின் ஓரமாக, பை சுமந்த நம் குழந்தை நடந்து பாடசாலைக்குச் செல்ல, அவளைக் கடந்து காலி ஆசனத்தோடு ஒரு வண்டி போகுமானால், அந்த வண்டி எத்தனை அழகான நிலையத்தில் நின்றாலும் அது நம் வண்டியல்ல. அந்தக் குழந்தைக்காக அது நிற்கும் நாளே மலையகத்து நிலையங்கள் முன்னேறிய நாள். அதுவரை பூந்தொட்டிகளை எண்ணி நாம் ஏமாறப் போவதில்லை!